தாழ்ப்பாள் இல்லாத கதவு

ஒதீன் என்ற பெயரைச் சொன்னால் எங்கள் ஊர் வெர்லின்கூரில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் சிலுவைக்குறி போட்டுக்கொள்வார்கள். சாமியார்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீடு இடிந்த பிறகு எதிர்வீட்டுக்காரி. வேலைக்கு வருகிற வெளியூர்க் கொத்தனார்கள் சொல்லித் திரிகிற கதைகளில் அவள் ஒரு சூனியக்காரி, இல்லாவிட்டால் ஒரு புனிதை. அவள் பீர் காய்ச்சி விற்ற விதவை, அவ்வளவுதான். பீர் கொதிக்கிற பெரிய சாலில் கிண்டிக் கிண்டி அவளுக்குத் தோள் இரண்டும் தச்சன் தோள் மாதிரி ஆகியிருந்தது. அடுப்புப் புகையில் குரல் கரகரத்துப் போயிருந்தது. கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் தாழ்ந்து போகுமே தவிர உயராது. அதுதான் எங்களுக்குப் பயம்.

அவள் வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு. கீழ்த்தெரு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் மேலே சாயக்காரர்களின் தொட்டிகள் இருந்தன. எங்கள் பிக்கார்டிச் சீமையின் நீலத் துணிக்கு ஊரெல்லாம் பேர். எங்கள் ஆற்றுக்கும் அதே நிறம். ஒதீன் கிணற்றுக்கு யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. "வாளியை மோதாம இறக்குங்கடி" என்பாள். அது மட்டும்தான் அவள் விதித்த வரி.

பழைய மாதா கோயில் இடி விழுந்து எரிந்தது என் அம்மா காலத்தில். தடித்த சுவரும் இருட்டுமாக, நிலவறை மாதிரி இருக்குமாம். புதுக் கோயிலைப் பலிபீடத்துப் பக்கமிருந்து கட்டத் தொடங்கினார்கள். பாரிஸ் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த கோசுவான் மேஸ்திரி பொறுப்பேற்றார். நான் அவரிடம் சித்தாளாகச் சேர்ந்து சாந்து சுமந்தேன். முதல் கவிகையை, அதாவது கல் கூரையின் வளைவை, தாங்கிய மரச்சட்டத்தைக் கழற்றிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார்கள். சட்டம் இறங்கியது. கல் விலாக்கள் நான்கும் தலைக்கு மேலே ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, யாரும் பிடிக்காமல் நின்றன. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சன்னல்தான் இருந்தது. சுமை எல்லாவற்றையும் வெளியே நிற்கிற கல் கைகள் வாங்கிக்கொண்டன. உள்ளே இவ்வளவு வெளிச்சத்தை நாங்கள் யாரும் கூரைக்குக் கீழே பார்த்ததில்லை. எனக்குப் பக்கத்தில் நின்று ஒதீன் மூக்கைச் சிந்தினாள். அன்று சாயங்காலம் ஒரு பீப்பாய் பீரை உருட்டிக்கொண்டு வந்து வேலைக்காரர்களுக்குக் கொடுத்தாள். ஆகையால் கோயிலுக்கு எதிரி என்று அவளை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோயில் மேற்கு நோக்கி நீண்டது. அந்தப் பக்கம்தான் எங்கள் தெரு. வழியில் இருந்த வீடுகளைத் தலைமைச் சாமியார் ஆன்சோ ஒவ்வொன்றாக வாங்கினார். செருப்புத் தைப்பவர் போனார், மெழுகுவர்த்திக்காரி போனாள். என் வீடு அளவுக் கோட்டுக்கு வெளியே தப்பியது. மிச்சம் ஒதீன் வீடு. லூயி ராசா சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறிய வருஷம், ஆன்சோ சாமியாரே நேரில் வந்தார். நான் அப்போது கிணற்றடியில் இருந்தேன்.

"மேல்வாசல் பக்கம் நல்ல வீடு பாத்து வெச்சிருக்கேன் ஒதீன். கல்லு வீடு. ஓடு போட்டது."

"சந்தோஷம் சாமி. அங்க கிணறு இருக்கா?"

"கிணறு எதுக்கு? தெருவுல ஊத்து இருக்கு."

"எனக்கு இருக்கு சரி. இவளுக்கு?" என்று என்னைக் காட்டினாள். "இந்தத் தெருவுக்கு?"

"கிணத்தைத் தூர்த்துட்டு அதுமேல தூண் வரணும். மாதாவோட வீடு ஒதீன். தெரு ஆத்துல எடுத்துக்கட்டும்."

ஒதீன் உள்ளே போனாள். கைகழுவ வைத்திருந்த ஆற்றுத் தண்ணீரை ஒரு கோப்பையில் மொண்டு வந்து அவரிடம் நீட்டினாள். நீலம் தெளிந்து அடியில் நின்றது.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க சாமி."

அவர் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மாதா வந்து கேட்டா வீட்டைக் குடுத்துட்டுக் கையெடுத்துக் கும்புடுவேன். மாதா இந்தத் தண்ணியை ஒரு புள்ளத்தாச்சிக்குக் குடுக்கச் சொல்லமாட்டா. கேக்கறது நீங்க."

அதிலிருந்து தொடங்கியது. அவளிடம் பீர் வாங்கக் கூடாது என்று பூசையில் சொன்னார்கள். கொத்தனார்கள் கோயிலில் தலையாட்டிவிட்டுக் கொல்லைவழியாக வந்து குடித்தார்கள். பாஸ்காவில், ஏசு உயிர்த்த திருநாளில், அவள் நாக்கில் நன்மை அப்பம் வைக்க மறுத்தார்கள். அவள் பீடத்துக்கு முன்னால் வாயைத் திறந்தபடியே நின்றாள். எல்லாரும் வாங்கிப் போனார்கள், அவள் நின்றாள். பூசை முடிந்து மெழுகுவர்த்தியை அணைக்க வந்த உபதேசியார் அவளைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அப்புறம்தான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"தாடை வலிக்குதுடி ஆவீஸ்" என்றாள் என்னிடம். "அடுத்த வருஷமும் போவேன்."

வீட்டை விட்டுவிட்டு இருபுறமும் கட்டினார்கள். சுவர்கள் எழ எழ அவள் வீடு கோயிலின் வாய்க்குள் ஒற்றைப் பல் மாதிரி நின்றது. அவள் கோழிகள் தூண்களுக்கு நடுவே மேய்ந்தன. தூபத்தோடு வாற்கோதுமை வேகும் வாசனையும் பலிபீடம்வரை போனது. சாரத்தின் மேலிருந்து ஆட்கள் கத்துவார்கள்:

"ஒதீனக்கா! தலைக்கு மேல கல்லு வருது, குனிஞ்சுக்கோ!"

"நீ கீழ வராம இருடா, அது போதும்! நேத்து என் சாலுக்குள்ள சாந்தைக் கொட்டினவன் நீதானே? அதைத்தான் உனக்கு ஊத்திக் குடுத்தேன். நல்லா இருந்துச்சுன்னு சொன்னே!"

சாரமே சிரிப்பில் ஆடும். கீழே நின்று கோசுவான் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வினை வந்தது ஒரு கோடையில். அவள் முற்றத்தை ஒட்டிய வளைவில் விரிசல் விட்டது. விரலை உள்ளே வைக்கலாம். ஈர மண்ணில் அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கட்டி நிறுத்திவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஆன்சோ சாமியார் வேறு காரணம் சொன்னார். ஒரு பெண்ணின் கல் நெஞ்சைப் பார்த்துத்தான் மாதாவின் கல் பிளந்ததாம்.

திங்கட்கிழமை காலையில், பிரசங்கம் கேட்டுக் கொதித்த சாயக்காரர்கள் கொக்கியும் கயிறுமாகத் திரண்டு வந்தார்கள். முன்னால் அவர்களுடைய தலைவர் ரெனியே, நீலம் ஏறிய கைகளோடு.

"வெளிய வா ஒதீன். கூரையைப் பிரிக்கப் போறோம்."

"பிரி. உன் பெண்டாட்டி காலையில ரெண்டு வாளி எடுத்துட்டுப் போனா, நனைச்சுக்கோ தொண்டையை."

"கோயில் இடிஞ்சு விழுந்தா நீ பதில் சொல்லுவியா?"

"கோயிலைக் கட்டினவனைக் கேளு. நான் பீருதான் காய்ச்சறேன்."

பின்னால் சிலர் சிரித்தார்கள். ரெனியேவுக்கு முகம் சிவந்தது. முதல் கொக்கி கூரையில் விழுந்தது. வைக்கோல் ஒரு பக்கம் சரிந்து முற்றத்தில் கொட்டியது. ஒதீன் அதைப் பார்க்கக்கூட இல்லை. கிணற்றடிக்குப் போனாள். கிணற்றுக் கயிற்றைக் கத்தியால் அறுத்தாள். வாளி உள்ளே விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சாலுக்கு அடியில் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் திணித்தாள். பிறகு கிணற்றைப் பலகையால் மூடி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"மூடணும்னுதானே வந்தீங்க? மூடிட்டேன். இப்ப எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

பாதிக் கூரையோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கிழவியாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பார்கள். அவளோ அந்தத் தோள்களோடு, கையில் சால் கிண்டுகிற துடுப்போடு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. கோயில் சாந்துக்கும் அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் போனது. அத்தனை சண்டைக்கு நடுவிலும் அவள் அதைத் தடுத்ததே இல்லை. மறுநாள் ஆற்றுத் தண்ணீரில் குழைக்கச் சொன்னார்கள். குழைத்தோம். சாயமும் சாம்பல் காரமும் கலந்த தண்ணீர். சாந்து வெளிர்நீலமாக வந்தது. ஒரு வரிசை கல் அதில் வைத்தார்கள். மறுநாள் மேஸ்திரி கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், மாவாக உதிர்ந்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது.

ஆன்சோ சாமியார் புதுக் கயிறும் ஆட்களும் அனுப்பினார். வந்தவர்கள் எங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அதற்குள் கீழ்த்தெருப் பெண்கள் முற்றத்தில் நிறைந்திருந்தோம். நான் சாந்துத் தட்டைக் கவிழ்த்துவிட்டு வந்து ஒதீன் பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து மற்ற சித்தாள்களும் வந்தார்கள். வேலை போகும் என்று கூலி போடுகிற கோயில் கணக்கர் கத்தினார். போகட்டும் என்று நாங்கள் கத்தினோம். அவ்வளவு சத்தமாக நான் அதற்குமுன் பேசியதில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ரெனியேவின் மனைவியும் எங்களோடு இருந்தாள். புருஷன் கூட்டத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"இந்தாய்யா! ராத்திரிக்கு ஆத்துத் தண்ணியில சூப்பு வெச்சிருக்கேன், வீட்டுக்குப் போய்க் குடி. கலரு நல்லா ஏறியிருக்கு, நீயே போட்ட சாயம்!"

ரெனியே போய்விட்டார். கயிறு கொண்டுவந்தவர்களும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் ஆன்சோ சாமியாரே மேஸ்திரியோடு வந்தார். வெயிலில் இளைத்துப் போயிருந்தார். பாதி வானம் தெரிகிற அவள் வீட்டுக்குள் உட்கார அவருக்கு முக்காலி போட்டாள் ஒதீன்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"வீட்டை எடுத்துக்கங்க" என்றாள். எங்களுக்கே தூக்கிவாரிப்போட்டது. "வீடு என்னோடது. குடுக்கலாம். கிணறு இவங்களோடது. அதை நான் எப்படிக் குடுப்பேன்? கிணறு இருக்கற இடத்துலயே இருக்கட்டும். அதைச் சுத்திக் கட்டுங்க."

"கோயிலுக்குள்ளயா? தூண் வர்ற இடம் அது!"

"தூணை நகத்துங்க."

சாமியார் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நகத்தலாம் சாமி. எனக்கும் தூர்த்த கிணத்து மேல தூண் வைக்க இஷ்டமில்ல. பழைய அரைவட்ட வளைவா இருந்தா அகலம் கூடினா உயரமும் கூடிப் போகும். கூர்வளைவுக்கு அந்தத் தொல்லை இல்ல. காலை அகட்டி வெச்சாலும் தலையை அதே மட்டத்துல நிறுத்தலாம். வெளிய தாங்கற கல் கையும் கூடவே தள்ளிப் போகும். எதிர்ச்சாரித் தூணுங்களுக்குப் பொருந்தாம கொஞ்சம் கோணலாத் தெரியும்."

"தெரியட்டும்" என்றாள் ஒதீன். "இன்னொண்ணு. வடக்குச் சுவத்துல கிணத்துக்கு நேரா ஒரு கதவு. தாழ்ப்பாள் கூடாது. உள்ளயும் கூடாது, வெளியயும் கூடாது."

"பூசை நேரத்துலகூடவா?"

"புள்ளைக்குத் தாகம் எடுக்கறப்போ பூசை நடக்குதான்னு பாத்துட்டா எடுக்குது?"

அவர் கடைசியில் தலையசைத்தார். நல்ல மனிதர்தான், தன் காலத்தில் கோயில் முடிய வேண்டும் என்ற ஆசை அவரைக் கண்ணைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் புனிதரின் எலும்புப் பேழையை வெளியே எடுத்து வரச் செய்து, தெரு முழுக்கப் பார்க்க அதன்மேல் கை வைத்து, கிணறு இருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் வராது என்று சத்தியம் செய்தார். சத்தியம் முடிந்த கையோடு ஒதீன் தன் வீட்டு நிலைக்கதவைத் தானே பெயர்த்து எடுத்தாள். அதைத் தெருவின் எதிர்ச்சாரியில் அவளுக்குக் கொடுத்த வீட்டுக்குச் சுமந்து போக நான் ஒரு முனை பிடித்தேன். அழுவாளோ என்று பார்த்தேன். "நிமித்திப் பிடிடி, கால்ல போட்டுக்காதே" என்றாள்.

வடக்குச் சாரியில் ஒரு வளைவு மட்டும் மற்றவற்றைவிட அகலமாக எழுந்தது. அதன் கீழே கிணறு, கைப்பிடிச் சுவரோடு. பக்கத்துத் தூணின் தலையில் இலைக்கொத்துக்கு நடுவே, உப்பிய கன்னமும் பெரிய மூக்குமாக தெருவுக்கே தெரிந்த ஒரு பெண் முகத்தைக் கொத்தனார்கள் செதுக்கி வைத்தார்கள். ஒதீன் அண்ணாந்து பார்த்தாள்.

"யாருடா இது?"

"மாதாவுக்குத் தோழி அக்கா."

"இந்த மூக்கை வெச்சுக்கிட்டு இவ மாதாவுக்குத் தோழி வேற! இறங்கி வாடா நீ!"

அவன் அன்று இருட்டும்வரை இறங்கவில்லை.

இப்படியே பல வருஷம் போயிற்று. பூசைக்கு நடுவே கதவு திறக்கும், வாளி இறங்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கவிகை முடிந்து மேற்கு வாசலும் எழுந்தது. ஆன்சோ சாமியார் இறந்தார். அவருக்குப் பின் தலைமைக்கு வந்தவர் ஜோஸ்லான் சாமியார். பாரிஸில் படித்தவர், பாட்டின்மேல் பிரியம் உள்ளவர். அவர் கொண்டுவந்த புதுப் பாடல்முறையில் பல குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் போகும். அந்த நேரம் பார்த்து வாளி கல்லில் மோதினால் அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். ஒருநாள் கதவில் இரும்புத் தாழ்ப்பாள் ஏறியது. பூசை முடிந்தால்தான் திறப்பு.

ஒதீனுக்கு அப்போது முடி முழுக்க வெளுத்துவிட்டது. முழங்கால் வலி. என் வீட்டுக்கு வந்து, "உன் வாளி ஓட்டையா?" என்று கேட்டாள்.

"இல்லியே, எதுக்குக்கா?"

"நாளைக்கு ஓட்டை வாளியா எடுத்துட்டு வா."

மறுநாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கோயில் நிறைந்திருந்தது. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது பெரிய மேற்கு வாசல் வழியாக ஒதீன் இரண்டு கையிலும் வாளியோடு உள்ளே வந்தாள். பின்னால் நாங்கள். நடுப் பாதையில் வரிசையாக நடந்தோம். பீடத்தைப் பார்த்து முழங்கால் மடித்தாள், சிரமப்பட்டு. எழுந்து கிணற்றுக்குப் போனாள், நீர் இறைத்தாள், வந்த வழியே திரும்பினாள். எல்லார் வாளியும் சொட்டியது. புதிதாகப் பதித்த ஓட்டுத் தரையில் மேற்கு வாசல்வரை தண்ணீர் ஓடியது. வெளியே கொட்டிவிட்டு மறுபடியும் வந்தோம். பாடகர்களில் ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டு ஒரு குரல் அறுந்தது, அதன்பின் மற்றக் குரல்களும் கலைந்தன.

ஜோஸ்லான் சாமியார் பூசை உடுப்போடே வேகமாக வந்தார்.

"இது என்ன, கோயிலா குளத்தங்கரையா?"

"ரெண்டும்தான் சாமி."

"தெய்வ நிந்தனை இது!"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரு புனிதர் எலும்பு மேல கை வெச்சாரு. நாங்க எல்லாரும் பாத்தோம். சத்தியத்தை உடைச்சு மாட்டினது அந்தத் தாழ்ப்பாள். நிந்தனை அங்க இருக்கு, போய்ப் பாருங்க." குரல் தாழ்ந்துகொண்டே போனது. "கதவு மூடியிருக்கறவரைக்கும் நாங்க இந்தப் பெரிய வாசல் வழியாத்தான் வருவோம். எங்களுக்கும் வசதி, அகலமா இருக்கு."

சொன்னபடி ஒவ்வொரு பூசைக்கும் போனோம். ஈரத் தரையில் வழுக்கி விழுந்த ஒரு பருத்த சாமியார்தான் முதலில் எங்கள் கட்சிக்கு வந்தார். பிறகு கால் நனைந்த மற்றவர்கள். இலைகள் பழுப்பதற்குள் கருமானை வரவழைத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். ஒதீன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுப்பு கிளற நன்றாக இருக்கிறதாம்.

அடுத்த கோடையில் அவள் படுத்துவிட்டாள். சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தை கொடுக்க ஜோஸ்லான் சாமியாரே வந்தார். நான் தலைமாட்டில் இருந்தேன். அவர் பழைய கோபத்தோடு வரவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் கோயிலுக்குள்ளேயே அவளை அடக்கம் செய்யலாம் என்று சொன்னார். சாமியார்களுக்கு மட்டுமே கிடைக்கிற இடம்.

"வேணாம் சாமி. நாள் முழுக்கத் தலைமேல வாளி வெப்பாளுங்க. எங்கயாவது காய்ஞ்ச இடமாப் போடுங்க."

அவள் பாவங்களைச் சொல்ல, சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கட்டும் என்று நான் வெளியே போக எழுந்தேன். அவள் என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள். பீரில் தண்ணீர் கலந்தது, புருஷனை ஒருமுறை துடுப்பால் அடித்தது, என்னைப் பற்றி மெழுகுவர்த்திக்காரியிடம் சொன்ன ஏதோ ஒன்று என்று எல்லாம் சொன்னாள். சாமியார் காத்திருந்தார்.

"திருச்சபைக்கு எதிரா நின்னதுக்கு?"

"அது இதுல சேராது சாமி."

"ஒதீன், நீ மனசு வருந்தி மனஸ்தாபப்படாம நான் எப்படி மன்னிப்புக் குடுக்க..."

"மத்த எல்லாத்துக்கும் மனஸ்தாபப்படறேன். முழு மனசோட. அதுக்கு மட்டும் இல்ல. அதைப் பாவத்துல சேக்காதீங்க, மாதாவுக்கே பிடிக்காது."

சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். அவர் எண்ணெய்ச் சிமிழைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ பீர் கேட்டு வந்து, இல்லை என்று தெரிந்து போனார்கள். அவள் கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டுச் சிமிழைத் திறந்து, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார்.

இரண்டு நாளில் போய்விட்டாள். ஊர்ப் பொதுக் கல்லறையில், தெற்குச் சரிவில், காய்ந்த மண்ணில் குழி வெட்டினார்கள். பெட்டியைத் தூக்க ரெனியேவும் கொத்தனார்களும் முன்வந்தார்கள். சித்தாள்கள் நாங்கள் கொடுக்கவில்லை. கல்லும் சாந்தும் சுமந்த தோள்தான் எங்களுக்கும். நாங்களே தூக்கிக்கொண்டு போனோம்.